உங்கள் காடியின் வலது கதவு

என் அப்பாவுக்கு, எங்கிருந்தாலும் காது கொடுப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

உங்கள் நீலக் காடி இன்னும் சிலிபினில் நம் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. விற்கவில்லை. நீங்கள் போன அன்று அதன்மேல் போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வெகுநாள் யாரும் தூக்கவில்லை. அம்மா முன்வாசல் பக்கமே வந்ததில்லை. சந்தைக்குப் போனதும் கோயிலுக்குப் போனதும் பின்கதவு வழியாகத்தான்.

ரப்பர் தோட்டம் மூடியபோது, அங்கே கணக்கு எழுதிய பழைய கிராணி விட்டுவிட்டுப் போன காடி அது. ரப்பர் லாரி ஓட்டிய நீங்கள் அதற்கு ஒவ்வொரு சாமானாகத் தேடிப் பூட்டினீர்கள். இஞ்சின் ஓடியது. சாயமும் அடித்தாகிவிட்டது. "கதவுப் பூட்டுங்க மட்டுந்தான் பாக்கி" என்று கடைசி வாரம் சாப்பிடும்போது சொன்னீர்கள். அந்தப் பேச்சுதான் அப்பா, என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

அன்று மதியம் நான் வேலையில் இருந்தேன். நடந்ததை அம்மா சொல்லித்தான் அறிவேன். தேத்தண்ணீர் கொண்டுவந்தபோது நீங்கள் ஸ்டியரிங்மேல் சாய்ந்திருந்தீர்களாம். இடது பக்கம் சுவரை ஒட்டி நின்றதால் வலது கதவு ஒன்றுதான் வழி. அம்மா அதன் கைப்பிடியைத் திருகியிருக்கிறார். அது சும்மா சுற்றியிருக்கிறது. கண்ணாடியைத் தட்டியிருக்கிறார், கத்தியிருக்கிறார். பக்கத்து வீட்டு லிம் அங்கிள் கடப்பாரையோடு ஓடிவந்து கதவை நெம்பித் திறக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

உடனே உயிர் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எல்லா வீட்டாரிடமும் அப்படித்தான் சொல்வார்களோ? நெஞ்சு வலித்தபோது நீங்கள் கதவைத் திறக்கப் பார்த்தீர்களா? உள்ளேயும் கைப்பிடி சும்மா சுற்றியதா? வெளியே அம்மா தட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்களா? இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

இந்த வருஷம் தீபாவளி முடிந்ததும் அம்மாதான் ஆரம்பித்தார். "அந்தக் காடிய ஓட வையி தேவி. பொணம் மாதிரி அங்கயே கெடந்தா எனக்குப் பயமா இருக்கு."

உங்கள் கூட்டாளி மணியம் மாமாவைக் கூப்பிட்டேன். புந்தோங்கில் இருக்கும் அவருடைய ரிப்பேர் பெங்கேலுக்குக் காடியை இழுத்துப் போனார். நெம்பிய கதவைத் தடவிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"பூட்டு நசுங்கிருச்சும்மா. வேற பூட்டு வேணும். உள்பலகையக் கழட்டுனா பழசு எப்படி இருந்துச்சின்னு தெரிஞ்சிரும்."

"கழட்டுங்க மாமா. ஆனா எங்கிட்டச் சொல்லாதீங்க."

"செரி லா" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. பூட்டு கிடைக்கும்வரை கதவைத் தொடுவதில்லை என்று பலகையை அப்படியே விட்டுவிட்டார்.

பூட்டு தேடி நான் அலைந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். தாப்பாவில் பழைய இரும்புக் கடை ஒன்றில் இருப்பதாகச் சொன்னார்கள். ஓடிப்போய் வாங்கிவந்தேன். மாமா கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, "இது இடது கதவுதும்மா, நாக்கு எதிர்ப்பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு" என்றார். இடதும் வலதும் மாற்றிப் போட முடியாது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உண்மையைச் சொன்னால், அன்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. கதவைப் பிரிக்கும் நாள் தள்ளிப்போனதே என்று.

பிறகு பாரிட் புந்தாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு பாயிடம் இதே மாதிரிக் காடி இருப்பதாக மாமாவுக்குச் சேதி வந்தது. நான் போய்ப் பார்த்தபோது அது கடைக்குப் பின்னால், கூரை துருப்பிடித்து, உள்ளே கோழி அடைந்து கிடந்தது. வலது பூட்டு மட்டும் நன்றாக இருந்தது.

"உள்ள ஒக்காந்து கதவச் சாத்திப் பாரும்மா. ரெண்டு பக்கமும் தொறக்குதான்னு பாத்துட்டு எடுத்துக்க" என்றார் பாய்.

என் கால் நகரவில்லை அப்பா. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொன்னேன். பாய் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்துவிட்டு, தானே கோழியை விரட்டி உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அவர் திறந்துகொண்டு வெளியே வரும்வரை நான் மூச்சு விட்ட மாதிரி நினைவில்லை.

பூட்டோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "நாளைக்குக் கதவப் பிரிக்கிறாங்களா? நானும் வாரேன்."

"நீங்க எதுக்கும்மா?"

"நீ பாக்க மாட்டேன்னு மணியத்துக்கிட்டச் சொன்னியாமே. நான் பாக்கணும். கைப்பிடியப் புடிச்சவ நானு."

அம்மாவுக்கும் அதே பயம் இருந்திருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, இத்தனை நாளும் ஆளுக்கொரு மூலையில் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மறுநாள் காலை மூன்று பேரும் அந்தக் கதவின் முன்னால் நின்றோம். மாமா திருகாணிகளைக் கழற்றிப் பலகையை எடுத்தார். நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். மாமா டார்ச் அடித்து உள்ளே குனிந்தார்.

"வெளிக் கைப்பிடித் தண்டு தேஞ்சிருக்கு தங்கச்சி. அதான் நீ திருகினப்ப சும்மா சுத்தியிருக்கு."

"உள்ள?" என்றார் அம்மா.

உள்கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் இரும்புப் பட்டையை மாமா காட்டினார். அது முறியவில்லை, கழன்றும் போகவில்லை. நீங்கள் தடவிய கிரீஸ் காய்ந்துபோய் அதிலேயே இருந்தது. மாமா உள்கைப்பிடியை இழுத்தார். கடப்பாரையில் வளைந்த நாக்கு முனகிக்கொண்டே உள்ளே போனது.

"உள்ளேருந்து தொறந்திருக்கும்" என்றார்.

அம்மா தானே இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார். "அப்ப அவரு மாட்டிக்கல" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்து அழுதார். நீங்கள் போனபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

எனக்கு மட்டும் பாதிதான் ஆறியது. கதவு திறக்கும், சரி. அதை இழுக்கக்கூட உங்கள் கையில் பலம் இல்லாமல் போயிருந்ததா? இல்லை, ஆஸ்பத்திரியில் சொன்னது உண்மைதானா? இதற்குப் பதில் எந்தக் கதவுக்குள்ளும் இல்லை என்று புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

புதுப் பூட்டைப் போட்டு, தேய்ந்த தண்டையும் மாற்றி, போன வாரம் காடி வீட்டுக்கு வந்துவிட்டது. மாமா கிளம்பிப் போனதும் அம்மா முன்வாசலுக்கு வந்தார். கதவைத் திறந்து உங்கள் இடத்தில் உட்கார்ந்தார்.

"சாத்து."

"வேணாம்மா."

நான் சாத்தவில்லை. அவரே சாத்திக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அசையவில்லை. என் கை தானாகவே கைப்பிடிக்குப் போனது. கண்ணைத் திறக்காமலே, பொறு என்று விரலைக் காட்டினார். தெருவில் ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அப்புறம் அம்மா உள்கைப்பிடியை இழுத்தார். கதவு திறந்தது.

"சீட்டு கொதிக்குது. ஒரு துண்டு எடுத்துப் போடு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார், முன்வாசல் வழியாகவே.

நான் இன்னும் அதில் ஏறி உட்காரவில்லை அப்பா. துண்டை விரித்தபோதுகூட ஒரு கால் தரையில்தான் இருந்தது. ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை உட்காருவேன். கதவைச் சாத்திக்கொள்வேன். அம்மாவைப் பக்கத்தில் வைத்து, தோட்டத்துச் சாலை முடியும் இடம்வரை ஓட்டிப்போய்த் திரும்பிவருவேன். பயம் போன பிறகு அல்ல, பயத்தோடேயே.

உங்கள் மூத்த பிள்ளை,
தேவி