சிவப்புக் கூடை

ரஞ்சனி அப்பாவுக்கு,

நீங்கள் நைட் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் நான் கம்பெனி பஸ் ஏறியிருப்பேன். அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

ரஞ்சனியை வீட்டாரோடு சேர்ந்து விளையாடச் சொல்லி டீச்சர் கொடுத்தது ‘ஒத்தையா ரெட்டையா’. மூடிய கைக்குள் இருக்கிற புளியங்கொட்டை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று குத்துமதிப்பாகச் சொல்கிற விளையாட்டு. அதற்கு நேற்று எதற்குக் கைவாட்சில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டீர்கள்? குத்துமதிப்புக்கும் டார்கெட் வைப்பீர்களா? சரியாகச் சொன்னால் கொட்டை பச்சைக் கிண்ணத்தில், தப்பானால் சிவப்பில். உங்கள் கம்பெனி லைனில் ரிஜெக்ட் ஆன பார்ட்டைச் சிவப்புக் கூடையில் போடுகிற மாதிரியே!

“இன்னாது, இவ்ளோ ரிஜெக்ட் கீது?” என்று வேறு கத்தினீர்கள். அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். உங்கள் சூப்பர்வைசர் அப்படிக் கத்திய அன்று நீங்கள் சாப்பிடாமல் படுத்தீர்கள். அதற்குக் குழந்தையா கிடைத்தாள்?

நீங்கள் கிளம்பியதும் அவளைக் காணவில்லை. அழுக்குத்துணி போடும் சிவப்புக் கூடைக்குள் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன், வரவில்லை.

“நான் ரிஜெக்ட்டும்மா. அப்பாதான் செக் பண்ணி எடுக்கணும்.”

தூங்கிய பிறகுதான் தூக்கிப் படுக்கவைத்தேன். கீழ்வீட்டு அக்கா துணைக்கு இருக்கிறார். விழித்ததும் மறுபடி கூடைக்குத்தான் போவாள். வாட்சைக் கழற்றிவைத்துவிட்டுத் தூக்குங்கள்.

உங்கள் மகளின் அம்மா