சும்மா நிற்கும் பம்பு

சூலூர்,
12.8.1996

அம்மணிக்கு,

சுரங்கக் கழிவுக் குளத்துக்கான பம்பு டிசைன் முடிந்துவிட்டது. குளம் நிரம்பினால் விஷத்தண்ணீர் ஊருக்குள் போய்விடும். அதனால் மழைத்தண்ணீர் குளத்தில் சேராமல் சுற்றிப்போகத் தனி வாய்க்கால் வரைந்திருக்கிறேன். ஒரு பம்பு நின்றால் ஓட இன்னொன்றும் உண்டு. சும்மா நிற்கும் பம்பு இறுகிவிடும் என்பதால், வாரம் ஒருமுறை அதைக் கையால் சுற்றிவிடச் சொல்லிக் குறிப்பும் எழுதினேன்.

கோபியில் உன் அம்மா வீட்டுப் பக்கம் மழை உண்டா?

"ஏனுங்க, இன்னைக்காச்சும் நேரத்துல ஊட்டுக்கு வாரீங்களா?" என்று தினமும் கேட்பாய். டிராயிங் முடியட்டும் என்பேன். நீ அங்கே போய் ஏழு மாதம். இப்போது ஆறு மணிக்கே வந்துவிடுகிறேன்.

உன் தையல் மெஷினுக்கு ஞாயிறுதோறும் எண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுகிறேன். இன்னும் இறுகவில்லை.

உன் வீட்டுக்காரன்