கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குளியல்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அக்காதான் குளிப்பாட்டிவிட்டாள். நைட்டியை முட்டிவரை தூக்கிச் செருகிக்கொண்டு, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் என் முதுகைத் தேய்த்தாள். கதவு அகலத் திறந்து கிடந்தது. அதைச் சாத்தினால் உள்ளே இரண்டு பேர் நிற்க முடியாது.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பக்கவாதம் வந்து மூன்று மாதம். நடக்கிறேன், பேசுகிறேன், வலது கையால் இதை எழுதுகிறேன். இடது கை மட்டும் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை.

பெரிய ஆசையெல்லாம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குளிக்க வேண்டும். பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு இருபத்தாறு வயதுதான், ஆனால் அதட்டலைப் பார்த்து நான் வைத்த பெயர் ஹெட்மிஸ்ட்ரஸ். இடது கையால் பாட்டிலை இறுக்கிப் பிடித்து, வலது கையால் மூடியைத் திறந்து காட்டச் சொன்னாள். அந்தப் பிடி வந்துவிட்டால் குளியலறைச் சுவரில் இருக்கும் கம்பியையும் நம்பிப் பிடிக்கலாமாம். பதினெட்டாம் தேதி பரீட்சை.

மார்ச் 7, வெள்ளி

தேன் பாட்டில் அசையவில்லை.

இருபத்திரண்டு வருடம் மருந்துக்கடையில் நின்றவள் நான். ஒரு நாளைக்கு எத்தனை மூடி திறந்திருப்பேன்! பிரஷர் மாத்திரையை ஒரு நாள்கூட விடாதீங்க என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கிறேன். என் மாத்திரையை மட்டும் ஒன்றரை மாதம் விட்டேன். கேட்டால் நேரமில்லையாம், மகாராணிக்கு.

மார்ச் 11, செவ்வாய்

திறந்துவிட்டது! தேன் பாட்டில்!

மார்ச் 14, வெள்ளி

காபித்தூள், ஜாம், எண்ணெய் எல்லாம் திறந்தாயிற்று. அக்காவைக் கூப்பிட்டுத் திரும்பவும் செய்து காட்டினேன். பரவாயில்லையே என்றாள். இன்னும் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருக்கலாம்.

மார்ச் 18, செவ்வாய்

தோற்றுப்போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் நீட்டிய பாட்டில் மூன்று தடவையும் கையிலிருந்து நழுவி மேசைமேல் உருண்டது. வீட்டில் எல்லாவற்றையும் திறக்கிறேனே என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். இன்னும் இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றாள். வீடு வரும்வரை அக்கா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

மார்ச் 19, புதன்

காலையில் சமையலறைக்குப் போனால் அக்கா பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து, மூடியைச் சும்மா மேலே வைத்துக்கொண்டிருக்கிறாள். தினமும் இதே வேலைதான் நடந்திருக்கு. நான் திறந்தேன் திறந்தேன்னு குதிச்சதெல்லாம் இவ திறந்து வெச்சது!

“நீ தோத்துப்போய் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு உக்கார்றத என்னால பாக்க முடியலடி” என்றாள்.

என் பரீட்சையையும் நீயே போய் எழுது என்று கத்தினேன். கையில் அகப்பட்ட கரண்டியை வீசினேன். அதுவும் சரியாகப் போய் விழவில்லை.

மார்ச் 20, வியாழன்

தண்ணீர் சூடு போதுமா என்றாள். ம் என்றேன். இன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த மொத்தப் பேச்சும் இதுதான்.

மார்ச் 21, வெள்ளி

சாயங்காலம் அக்காவே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். பக்கவாதம் வந்து நான் குளியலறையில் விழுந்த அன்று காலையில் எங்கள் இருவருக்கும் ஏதோ சண்டை. என்ன சண்டை என்று எனக்கு நினைவில்லை, அவளுக்கும் இல்லை. நான் குளிக்கப் போனேன். உள்ளே வாளி உருண்ட சத்தம் கேட்டு என்ன என்று கேட்டிருக்கிறாள். பதில் இல்லை.

“வீம்புக்குப் பேசாம இருக்கேன்னு நெனச்சேன். பத்து நிமிஷம்டி. பத்து நிமிஷம் நானும் வீம்பா இருந்தேன்.”

மூன்று மாதமாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். அந்தப் பத்து நிமிடத்தில் மூளைக்குள் என்ன நடந்திருக்கும் என்று மருந்துக்கடைக்காரியான எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மாத்திரையை விட்டது நான்தானே என்றேன். அதுவும் உண்மைதான்.

குளிப்பது பற்றிப் பேசவில்லை. நான் கேட்பது எதை என்று இன்றுதான் எனக்கே புரிந்தது. நான் உள்ளே இருக்க, சாத்திய கதவை இன்னொரு தடவை வெளியே நின்று பார்க்கும்படி அவளிடம் கேட்கிறேன், பாவம்.

மார்ச் 27, வியாழன்

இப்போது அக்கா பழிவாங்குவதுபோல் மூடியை இறுக்கி வைக்கிறாள். தேன் பாட்டிலை அவளாலேயே திறக்க முடியவில்லை. நெடுநாள் கழித்து இரண்டு பேரும் சிரித்தோம். ஜாம் மட்டும் திறந்தது, நானே திறந்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

தேறிவிட்டேன். இரண்டாவது தடவை நழுவியது, மூன்றாவதில் பிடித்துவிட்டேன். முக்காலியில் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும், கீழே ரப்பர் விரிப்பு, தாழ்ப்பாள் போடக் கூடாது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இந்த வாரம் முழுக்க நான் குளியலறை வாசலிலேயே நிற்பேன் என்றாள். நில் என்றேன்.

ஏப்ரல் 7, திங்கள்

அக்கா இன்று வேலைக்குத் திரும்பினாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் இதற்குமேல் விடுப்பு தர மாட்டார்கள். சாயங்காலம் நான் வந்த பிறகு குளித்துக்கொள்ளேன் என்றாள். பதினோரு மணிக்குக் குளிப்பேன் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

பதினோரு மணிக்குப் போனை வெளியே நாற்காலியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். பாதிக் குளியலில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. சோப்பு நுரையோடு எழுந்து ஓடினால் விழுந்துதான் தொலைப்பேன் என்று விட்டுவிட்டேன். மெதுவாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். கம்பியைப் பிடித்து எழுந்தேன், துடைத்தேன், உடுத்தினேன். வெளியே வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் அழுதேன்.

அக்கா ஏழு தடவை கூப்பிட்டிருந்தாள். திருப்பிக் கூப்பிட்டேன். ஒரே வண்டிச் சத்தம். எங்கே இருக்கிறாய் என்றேன்.

“பஸ் ஸ்டாப்புல.”

வீட்டுக்கு வருகிறாயா என்றேன்.

“வரலாம்னுதான் ஓடி வந்தேன். ஏறல. நம்ம பக்கம் போற பஸ் மூணு போயிடுச்சுடி.”