டின்னின் மேல் என் பெருவிரல்

அன்பு மகள் ரவ்நீத்துக்கு, பாப்பூ எழுதுவது. எழுத்துகள் மேலும் கீழுமாக ஏறி இறங்குவதற்கு முதலில் மன்னித்துக்கொள். கோடு போட்ட தாள்தான், ஆனால் என் கை கோட்டை மதிப்பதில்லை. இந்தக் கடிதத்தை எழுத நான்கு நாள் ஆயிற்று. குருவின் அருளால் நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை தல்வீரும் ஹாலிஃபாக்ஸ் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை. கோபம் உன் மேல்தான், காரணத்தைச் சொல்கிறேன். ஃபோனில் கேட்கலாம் என்று மூன்று தடவை எடுத்து வைத்துவிட்டேன். ஃபோனில் என்றால் நான் பாதி கேட்பதற்குள் நீ முழுப் பதிலையும் சொல்லிவிடுவாய்.

போன செவ்வாய்க்கிழமை என் கூட்டாளி சர்வண் சிங் தன் பேரன் கல்யாணத்துக்குப் பாட்டில் வாங்கப் போனார், துணைக்கு நானும் போனேன். குருத்வாரா வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியதிலிருந்து கண்ணில் படுவதை எல்லாம் படிக்கிறேன், சர்வணுக்கு அது எரிச்சல். பஸ் நிறுத்தம், மாவு மூட்டை, ஒன்றையும் விடுவதில்லை. கடைக்குள் பீர் அடுக்கில் ஒரு டின்னின் மேல் நம் குர்முகி எழுத்து தெரிந்தது. வெள்ளைக்காரன் கடையில், பீர் டின்னில்! நின்று கூட்டினேன். அ, கூ, ட்டா. அகூட்டா. அப்படி ஒரு சொல்லே இல்லையே என்று டின்னைத் திருப்பினால் மறுபக்கம் பெரிதாக ஒரு பெருவிரல் ரேகை. அங்கூட்டா என்று அப்போதுதான் புரிந்தது. கைநாட்டு. இந்தச் சொல்லால் என்னை எத்தனை பேர் கூப்பிட்டிருக்கிறார்கள், உனக்கே தெரியும். அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். ரேகையின் நடுவே குறுக்காக ஒரு வெட்டு, அதன் கீழே ஒரு கொக்கி. பதினாறு வயதில் தீவனம் வெட்டும் இயந்திரம் எனக்குப் போட்ட வெட்டு அது. டின் பக்கத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன். மகளே, அங்கேயே ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். சர்வண் சும்மா இருப்பாரா? “என்னய்யா அஜாயபு, எழுபத்துநாலு வயசுல எழுத்துக் கத்துக்கிட்ட, கைநாட்டு உன்னை விட்டுப் போவேனாங்குதே, கடையில வந்து உக்காந்திருக்கே”ன்னு கடையே திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

கல்லாவில் நம் ஜலந்தர் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். இதைச் செய்வது யார் என்று கேட்டேன். “ஹாலிஃபாக்ஸ்ல ஒரு பஞ்சாபி அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் தாத்தா, ப்ளூபெர்ரி பீரு, இப்பதான் கனடாவோட இந்தக் கோடிக்கு வந்திருக்கு”ன்னு சொன்னாள். பார்லி ஆலையில் வேலை என்றுதானே எங்களிடம் சொன்னாய்? பார்லி என்றது பொய்யில்லை, மிச்சத்தை விழுங்கிவிட்டாய். என் மகள் நாலு பேர் சாப்பிடுவதற்குத் தானியம் அரைக்கிறாள் என்று குருத்வாரா லங்கரில் பந்திக்கு ரொட்டி போடும்போதெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு உறைத்தது பீர் அல்ல. ஊரார் சிரித்த விரலைப் பெற்ற மகளும் சிரிப்பதற்கு எடுத்துக்கொண்டாளா என்பதுதான். பின்னால் பொடி எழுத்தில் ஆங்கிலம் இருந்தது, படித்துச் சொல் அம்மா என்று அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் நம் மொழியில் சொன்னாள்: “இது என் அப்பாவின் கையெழுத்து. என் பள்ளிக்கூடம் இதை ஏற்றுக்கொள்ளவில்லை.” இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை அவளே படித்தாள். சர்வண் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அந்தத் தாளையா வைத்திருக்கிறாய்? மீன் காட்சிசாலைக்கு உன்னை அனுப்பச் சம்மதம் கேட்டுப் பள்ளியிலிருந்து வந்த தாள். வீட்டில் மை இல்லை, பெர்ரி பறித்துவிட்டு வந்த கையில் இன்னொரு பழத்தை நசுக்கி அழுத்தினேன். மறுநாள் சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வந்தது. “பரவால்ல பாப்பூ, எனக்கு மீனே புடிக்காது”ன்னு சொன்னாய், ஒன்பது வயது. அதன்பின் என் பெயரை நீயே போட்டுக் கொடுத்தாய், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். தாளை அன்றைக்கே கிழித்துப் போட்டிருப்பாய் என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருஷம், ரவ்நீத். டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தேன். “இந்த விரலுதானே அம்பது வருஷமா என் பருப்புக் கிண்ணத்துல முங்குது, எனக்குத் தெரியாதா”ன்னா. பிறகு முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அழுது முடித்துவிட்டு, இவ்வளவு நாள் ஏன் மறைத்தாய் என்று திட்ட ஆரம்பித்தாள், இன்னும் நிறுத்தவில்லை. அவளுக்கு ஃபோன் செய்து திட்டு வாங்கிக்கொள்.

இப்போது முக்கியமான விஷயம். வியாழக்கிழமை வகுப்பில் உன் சொல்லைப் பலகையில் எழுதிக் காட்டினேன், நான்தான் தப்பாகப் படித்தேனோ என்று சந்தேகம். டீச்சர் பீபி பார்த்துவிட்டு, “பாபாஜி, இதுல டிப்பி எங்க? மூக்கால சொல்றதுக்கு மேல வளைவு வைக்கணும்னு உங்களுக்கு எத்தனை வாட்டி சொல்றது”ன்னு கேட்டார். இந்தத் தடவை தப்பு என்னுடையது இல்லை பீபி, கனடாவில் படித்த என் மகளுடையது என்றேன். வகுப்பே கைதட்டியது. விரல் இருக்கட்டும், எடுக்காதே. எழுத்தை மாற்று. இத்துடன் இன்னொரு தாள் இருக்கிறது, அதில் சொல்லை முப்பது தடவை எழுதி, நன்றாக வந்த ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன், டிப்பியோடு. அதையே டின்னில் அடி. எட்டு வருஷம் நீ எனக்காகக் கையெழுத்துப் போட்டாய், இந்த ஒரு சொல்லை உனக்காக நான் போடுகிறேன்.

வாஹேகுரு உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும், தொழில் பெருகட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளை அளவாகக் குடிக்கட்டும், செய்கிறவன் ருசி பார்த்தே கெடுவான். அடுத்த வாரம் இன்னொரு எழுத்தின் காலடியில் ஒட்டும் எழுத்துகளைக் கற்றுத் தருகிறார்களாம், அது கைக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதுவேன், இன்னும் கடினமான சொற்களில் உன்னைத் திட்டலாம்.

உன் பாப்பூ,
தன் கையால் எழுதியது,
அஜாயப் சிங்