முப்பத்தாறாம் அதிகாரம்

ஜனவரி 17
பைபிளில் தொடக்க நூல் முடிந்தது. தினம் மூன்று அதிகாரம். இன்னும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. காலையில் என் வீட்டுக்காரருடைய தையல் மெஷினுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுச் சத்தமாகவே வாசிக்கிறேன். எனக்கு மட்டும் என்றால் மனசுக்குள் வாசித்தால் போதாதா? கோயில் பீடத்துக்குத் தான் தைத்த திரை குட்டையாகிப்போனதில், கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியாரோடு சண்டை போட்டவர், ஆறு வருடமாகப் பூசைக்கு வருவதில்லை. அளவைத் தப்பாகக் கொடுத்தது அவர்தானாம். இவர் காதில் ஒரு வசனமாவது விழாதா என்று எனக்கு ஆசை. நான் வாயைத் திறந்தால் இவர் மெஷினை ஓட்டுகிறார்.

ஜனவரி 20
இன்றும் மெஷின்தான் ஜெயித்தது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஜனவரி 26
கடல் பிளந்தபோது தலை நிமிராத மனுஷன், ஆண்டவர் தம் கூடாரத்துக்குத் திரை அளவு சொல்லும் இடம் வந்ததும் மெஷினை நிறுத்தினார்.
“எத்தனை முழம்?”
“நீளம் இருபத்தெட்டு, அகலம் நாலு. மொத்தம் பத்துத் துணி.”
“இன்னொரு தடவை படி.”
படித்தேன். சாக்பீஸை எடுத்து மேசையில் கோடு போட்டார். மேலே போர்த்துகிற ஆட்டுமயிர்த் துணி இரண்டு முழம் நீளம் கூடுதல் என்றதும், “கூட வெச்சிருக்கான் பாரு! விவரமான ஆளுதான்” என்றார். யாரை? ஆண்டவரைத்தான்! சிலுவை போட்டுக்கொள்வதா, சிரிப்பதா? சிரித்துவிட்டேன்.

ஜனவரி 29
அதே அளவுகள் திரும்ப வந்தன. அன்றைக்குச் செய்யச் சொன்னது, இன்றைக்குச் செய்து முடித்தது – அவ்வளவுதான் வித்தியாசம். அடுப்பில் பால் வேறு. முப்பத்தாறாம் அதிகாரத்தை அப்படியே தாண்டினேன். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?
“ஏய், நில்லு. அளவு சொன்னாரு, சரி. தைச்சாங்களா இல்லையா?”
கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். “அதேதாங்க திரும்ப வருது.”
“அதைத்தான் கேக்கணும். படி.”
ஒவ்வொரு அளவுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தார்.
“உபதேசியார் எழுதிக் குடுத்த சீட்டை நான் பாக்கவே இல்ல. பழைய திரைய வெச்சுக் குத்துமதிப்பா வெட்டிட்டேன். அவர் மேல பழி போட்டது பொய்.”
ஆறு வருஷம்! உபதேசியாரைத் தெருவில் பார்த்தால் நானும் அல்லவா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.
“இத ஏங்க இவ்வளவு நாளாச் சொல்லல?”
“எனக்காக நீயும் அவரோட பேசாம இருந்தே. உங்கிட்ட எப்படிச் சொல்றது?”
பால் பொங்கி வழிந்துவிட்டது.

ஜனவரி 30
பேசவில்லை. வாசிக்கவுமில்லை.

ஜனவரி 31
இரண்டு பேருமாக உபதேசியார் வீட்டுக்குப் போனோம். இவர் விஷயத்தை உடைத்ததும் அவர் சிரித்தார்.
“எனக்கு அன்னைக்கே தெரியும். நான் அளவு எழுதின சீட்டைப் பிரிக்காமலே திரைக்குள்ள வெச்சுக் குடுத்திட்டீங்களே!”
“அப்புறம் ஏங்க யார்கிட்டயும் காட்டல?” என்று கேட்டேன்.
“காட்டியிருந்தா, இன்னைக்கு இங்க வந்திருப்பாரா?”
இவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 1, ஞாயிறு
கோயிலில் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனவர் திரும்பி வர இருபது நிமிடம். வரிசையில் நின்றவர்களெல்லாம் என்னை முறைத்தார்கள். பூசையில் நன்மை அப்பம் வாங்கிவிட்டுத் திரும்பும்போது என் பக்கம் குனிந்து, “முழங்கால் செம வலி” என்றார்.
ஆறு வருடம் மடங்காத முழங்கால். வலிக்கட்டும்.