கூவுகிற காது மிஷின்

ஏற்காடு
20.4.1992

அன்பு மகள் கலாவதிக்கு,

எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும், பொறுத்துக்கொள் கண்ணு. இதுவரை வந்த கடிதமெல்லாம் எஸ்டேட் ரைட்டர் எழுதிக் கொடுத்தவை. இது என் கை. அறிவொளி வகுப்பில் பலகையைப் பார்ப்பது நான், பழனியம்மாள் டீச்சர் சொல்வதைக் கேட்பது உன் அம்மா. பலகையில் இருப்பதை அவள் உள்ளங்கையில் எழுதிக் காட்டுவேன். இப்போது பார்வை போன அவளே என் கையில் விரலால் எழுதிப் பேசுகிறாள். காது செத்த எனக்கு வேறென்ன வேண்டும்?

நீ அனுப்பிய காது மிஷினைச் சட்டைப்பையில் வைத்து, குமிழைக் காதில் செருகினேன். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் குமிழ் தளர்ந்தால் அது குருவி மாதிரி கூவுகிறதாம். காப்பிச் செடிக்குள் நான் எங்கே நின்றாலும் உன் அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது!

அடுத்த மாதம் சேர்வராயன் திருவிழாவுக்கு இருவரும் போகிறோம்.

அப்பா
சித்தன்


ஓசூர்
3.5.1992

அன்புள்ள அப்பா, அம்மா,

அப்பாவின் கையெழுத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். ஆனால் மிஷின் வாங்கியது நீங்கள் கேட்பதற்கு, அது கூவுவதற்கு அல்ல. நீங்கள் இருவரும் மலையில் தனியாக இருப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. இங்கேயே வந்துவிடுங்கள். உங்கள் மருமகனும் அதைத்தான் சொல்கிறார்.

ஒரு பந்தயம். திருவிழாக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தொலைக்காமல் வீடு திரும்பினால் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். தொலைத்தால் ஜீப் அனுப்புவேன், மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மகள்
கலாவதி


ஏற்காடு
22.5.1992

கண்ணு கலாவதி,

பந்தயத்தில் தோற்றுவிட்டேன். கோயிலுக்கு ஏறும் இடத்தில் கூட்டம் தள்ளியது, உன் அம்மா கை நழுவிப் போனது. அவள் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. நான் கத்தினால் அந்த மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது. உன் ஜீப் வருவது கண்ணில் தெரிந்தது.

ஒரு பாறைமேல் ஏறி, குமிழைத் தளர்த்தி, மிஷினின் சத்தத்தை முழுசாகத் திருகினேன். கூவுகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சரி, கூவுகிறது! அசையாமல் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கை என் வேட்டியைப் பிடித்தது. உன் அம்மா! முகமெல்லாம் சிரிப்பு. என் உள்ளங்கையை விரித்து எழுதினாள். நான் படித்தேன்: ஆடு.

"யாரப் புள்ள ஆடுங்கற? தொலஞ்சது நானா, நீயா?" என்று கத்தினேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுத்தி எழுதினாள்: ஊடு. வீட்டுக்குப் போகலாம் என்கிறாள்! டீச்சர் 'வீடு' என்றுதான் சொல்லிக் கொடுத்தார். உன் அம்மாவுக்கு வாயில் வருவதுதான் விரலிலும் வரும்.

பந்தல்காரர் பொன்னுவேல் அவளிடம், "கண்ணு தெரியாம எப்புடிங்க கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாராம். "எங்கூட்டுக்காரரு கூவுனா எனக்குத் தெரியாதுங்களா?" என்றாளாம். வீட்டுக்கு வந்தபிறகு இதை என் கையில் எழுதிக் காட்டி, மறுபடி சிரித்தாள்.

தொலைத்தவர்களே தேடி எடுத்துக்கொண்டால் என்ன தீர்ப்பு என்று நீ எழுதவில்லை. அதனால் நானே சொல்கிறேன். ஜீப் வேண்டாம், மிஷினுக்குப் பேட்டரி செல் அனுப்பு. மழை விட்டதும் ஓசூருக்கு விருந்தாளியாக வருகிறோம். நாலு நாள் இருந்துவிட்டு ஊட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

விரல் மரத்துவிட்டது. உன் அம்மாவும் உனக்கு எழுத வேண்டுமாம். அவள் கையில் பேனா கொடுத்து, வரும் வாரம் இருவருமாக எழுதுகிறோம். உன் அம்மா 'ஊடு' என்று எழுதினால் திருத்தாதே.

அப்பா
சித்தன்