அட்டைப்படத்துச் சோறு

மார்ச் 5, செவ்வாய்

ஹனோய் நடைபாதையில், முழங்கால் உயரப் பிளாஸ்டிக் கதிரையில் குந்தியிருந்து, லென்சில் படிந்த சூப் ஆவியைத் துடைத்துத் துடைத்து எடுத்த படங்கள். எம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ‘அழுக்காக’ இருக்கின்றனவாம். இதழாசிரியர் அல்லவா, அவளுக்குச் சுத்தம் வேண்டும். அப்படியென்றால் என்னை ஏன் தெருச்சாப்பாடு எடுக்க வியட்நாமுக்கு அனுப்பினாள்?

மிச்சப் படங்களை இங்கே ஒஸ்லோவிலேயே எடுக்க வேண்டுமாம். ரொயன் பகுதியில் வியட்நாம் சாப்பாட்டுக் கடை நடத்துகிற லான் அக்காவிடம் போய், எங்கள் இருவருக்கும் பொதுவான நொர்வேஜிய மொழியில் கேட்டேன். சம்மதித்தார். வெங்காயமும் இஞ்சியும் நெருப்பில் கருகுகிற மணம், அப்படியே ஹனோய். காசு மேசைக்குப் பக்கத்தில் இறந்த கணவரின் படமும் ஊதுபத்தியும். அதை மட்டும் எடுக்க வேண்டாம் என்றார். சரி என்றேன்.

மார்ச் 8, வெள்ளி

லான் அக்காவின் கடையில் படம் எடுத்தோம். எம்மாவும் வந்திருந்தாள்.

கமராவை ஸ்டாண்டில் பூட்டி, சோற்றுக் கிண்ணத்துக்கு வெளிச்சம் சரிபார்த்துவிட்டு, மீன் சட்டி ஆயத்தமா என்று பார்க்கக் குசினிக்குள் போனேன். திரும்பி வந்தால், சாப்பாட்டுக் குச்சி இரண்டையும் எம்மா சோற்றின் நடுவே செங்குத்தாக நட்டு வைத்திருக்கிறாள். என் கமராவை அவளே அமத்திப் படமும் எடுத்துவிட்டாள். படத்துக்கு உயரம் காணாதாம்.

அப்படிக் குச்சி நட்ட சோற்றை ஹுவே நகரத்தில் ஒரு செத்தவீட்டில் பார்த்திருக்கிறேன், பெட்டியின் தலைமாட்டில். பிணத்துக்கு வைக்கிற சோறு அது.

எனக்குப் பின்னால் சட்டியோடு வந்த லான் அக்கா எல்லாவற்றையும் கண்டார். சட்டியை வைத்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டினார். 

எம்மாவிடம் விளக்கினேன். “ஐயோ, தெரியாது. அழித்துவிடுகிறேன்” என்றாள். படம் கமராவிலிருந்து நேரே அவளுடைய கணினிக்குத்தான் போயிருந்தது.

மார்ச் 9, சனி

லான் அக்கா போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

வீட்டுக்குக் கிட்ட, ரொம்சோஸ் ஸ்டேஷன் கடையில் இதழைக் கண்டேன். அட்டையில் அந்தக் கிண்ணம்! நட்ட குச்சி. மூலையில் ‘படம்: கம்சிகா யோகராசா’.

என்ரை பேர். நான் அமத்தாத படத்துக்கு என்ரை பேர்.

கணவர் சுரேன் வேலையால் வந்து பார்த்தார். “முதல்தரம் அட்டையில உம்மடை பேர் வந்திருக்கு. ஏன் இப்பிடிக் கொதிக்கிறீர்?”

“உங்கடை அப்பான்ரை வாய்க்கரிசியை வடிவாப் படம் எடுத்து விளம்பரத்துக்குப் போட்டால் சந்தோசப்படுவியளோ?” என்று கேட்டேன். இதழை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போனார். கேட்டது கூடிப்போனது. ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்.

ஏப்ரல் 5, வெள்ளி

எம்மாவின் அலுவலகத்துக்குப் போனேன். அழிக்கிறேன் என்று சொன்னாயே என்றேன். வடிவமைத்தவர்களுக்கு அதுதான் பிடித்ததாம், தன்னால் தடுக்க முடியவில்லையாம். பச்சைப் பொய்.

“வாசகர் ஒருவரும் முறையிடவில்லையே.”

“நான் முறையிடுகிறேன்.”

“நீ வியட்நாம்காரி இல்லையே, கம்சிகா.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். என்னை அங்கே அனுப்பும்போது, ‘நீயும் ஆசியாக்காரி, உனக்கு விளங்கும்’ என்று சொன்ன அதே வாய்.

என் பெயரை இணையத்திலாவது எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். படம் அப்படியே இருக்கிறது. இனி அங்கிருந்து எனக்கு வேலை வராது. வராட்டில் போகட்டும்.

ஏப்ரல் 6, சனி

ரொயனுக்குப் போனேன். கடைக்கு வெளியே வரிசை, சிலர் கையில் அந்த இதழ். லான் அக்கா ஒரு நிமிடம் மட்டும் வெளியே வந்தார். நடந்ததைச் சொன்னேன். நீங்கள் ஒரு வரி எழுதித் தந்தால் அந்த இதழையே ஒரு கை பார்க்கலாம் என்றேன்.

“வேண்டாம். ஆக்கள் வருகினம். கடை நடக்குது” என்றார்.

“உங்களுக்குக் கோபமே வரேல்லையா?”

“என்ரை மனுசனுக்கு அந்தக் கிண்ணத்தை நான்தான் வைச்சனான். எனக்குக் கோபத்தைப் பற்றிச் சொல்லித் தாறியோ?”

உள்ளே போய்விட்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர்மேலும் எரிச்சல். வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியா? நாங்களும் இந்த நாட்டில் இப்படித்தானே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.

ஏப்ரல் 13, சனி

இன்ஸ்டகிராமில் லான் அக்காவின் கடை. யாரோ இரண்டு பெடியள் சோற்றில் குச்சி நட்டு, பக்கத்தில் கன்னம் வைத்து, அட்டைப்படம் மாதிரியே. கீழே இன்னொருத்தி. பிறகு ஒரு குடும்பம்.  நிற்பாட்டச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் எழுதினேன். ஒருவன் சிரிக்கிற முகம் ஒன்று போட்டான்.

ஏப்ரல் 26, வெள்ளி

மனம் கேட்கவில்லை, போனேன். கடை நிறைய ஆட்கள். எல்லா மேசையிலும் முள்ளுக்கரண்டி. குச்சிக் குவளை ஒன்றுகூட இல்லை. பக்கத்து மேசைக்காரன் குச்சி கேட்டான். “முடிந்துவிட்டது” என்று லான் அக்கா நல்ல நொர்வேஜிய மொழியில் சிரித்துக்கொண்டு சொன்னார்.

பிறகு என் மேசைக்கு வந்தார். சோற்றை வைத்தார். எனக்கும் முள்ளுக்கரண்டிதான் வைத்தார்.